மலையையும் ஓடையையும் காக்கும் சட்டம்

(தோட்டப் பொதுமண்டபம் ஒன்றில் நாம் ஆற்றிய உரை)

 

நாள் முழுதும் உழைத்த களைப்பையும் பொருட்படுத்தாது இம்மண்டபத்தில் திரளாகக் கூடியிருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்காமல் நேரே பொருளுக்கு வருகிறோம். நகரம் விரியும்பொழுது மலை, ஆறு, காடு, சதுப்பு நிலம் ஆகியவற்றைக் கட்டட வேலைகளிலிருந்து காக்கும் நிலத்திட்ட விதிகள் பற்றியே இன்று பேசவிருக்கிறோம். "இது நகரத்தார் கவலைப்பட வேண்டிய விஷயமாயிற்றே, தோட்டத்தில் இருக்கும் நமக்கென்ன?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணத்தை மாற்றுவதே நமது முதல் வேலை.

ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை வந்ததை நம் பெற்றோர் கண்டனர். செம்பனை நின்ற நிலத்தில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் எழுவதை நாம் காண்கிறோம். இன்று பெருநகராக விளங்கும் சுபாங் ஜெயா, சீஃபீல்டு தோட்டமாக இருந்த நிலத்தில் எழுந்ததுதான். ஆகவே நகரத்துத் திட்டம் என்பது நகரத்தில் இருப்பவர்க்கு மட்டும் உரியதன்று. அது நாளை இத்தோட்டத்தின் வாயிலுக்கே வரக்கூடியது. அது வரும்பொழுது எந்த ஓடை நிற்கும், எந்தக் குன்று நிற்கும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கும் ஏடு ஒன்று இருக்கிறது. அந்த ஏட்டை நம்மவர் பார்ப்பதில்லை என்பதே நமது குறை.

இக்குறையை நாம் உணர்ந்த கதையைச் சொல்கிறோம். தகவல் அதிகாரியாகப் பொறுப்பேற்குமுன் நாம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தோம். பள்ளிக்குப் பின்னால் ஒரு சிறு குன்றும், அதன் அடிவாரத்தில் ஓர் ஓடையும் இருந்தன. ஆற்றின் பிறப்பையும் போக்கையும் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டிய நாளில் அவர்களை அந்த ஓடைக்கே அழைத்துச் செல்வோம். ஆடித் திருவிழாவில் அம்மனுக்குக் கரகம் பாலித்ததும் அவ்வோடைக் கரையில்தான்.

பின்னர் அத்தோட்டம் விற்கப்பட்டது. லயங்கள் இடிக்கப்பட்டன. தொழிலாளர்களுக்கு அதே நிலத்தின் தாழ்வான பகுதியில் அடுக்குமாடி வீடுகள் தரப்பட்டன. ஓடை நேராக்கப்பட்டு, குறுகிய சிமெண்டுக் கால்வாய்க்குள் அடைக்கப்பட்டது. குன்றின் ஒரு பக்கம் வெட்டப்பட்டு, அம்மண்ணால் ஓடைக்கரைச் சதுப்பு நிரப்பப்பட்டது. அடுத்த மழைக்காலத்தில் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு நீர் நின்றது.

அதிகாரியாகி அங்குச் சென்றபொழுது, நம்மிடம் படித்த மாணவன் ஒருவனின் பாட்டி நனைந்த மெத்தையை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார். "வாத்தியாரையா, ஓடை போகிற வழியை அடைத்தால் தண்ணீர் வீட்டுக்குள்ளே வராதா? இது எனக்கே தெரிகிறதே, படம் போட்டவர்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். அத்திட்டத்தின் வரைவு வரைபடம் ஊராட்சி மன்றத்தில் பல வாரங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது என்பதையும், ஆட்சேபம் இருப்பின் எழுதித் தரலாம் என்று அறிவிக்கப்பட்டிருந்தது என்பதையும் விளக்கினோம். அவர் நம்மை நிமிர்ந்து பார்த்தார். "அதை அன்றைக்கே வந்து சொல்லியிருக்கலாமே ஐயா" என்றார்.

நமக்கு மறுமொழி இல்லை. அந்த அறிவிப்புத் தாள் நம் மேசைக்கும் வந்திருந்தது. அதனை அறிவிப்புப் பலகையில் ஒட்டியதோடு நம் கடமை முடிந்ததென்று இருந்துவிட்டோம். ஒட்டுவது வேறு, எடுத்துரைப்பது வேறு என்பதை அன்று கற்றுக்கொண்டோம். அந்தக் கடனை அடைக்கவே தோட்டந்தோறும் சென்று இவ்வுரையை ஆற்றி வருகிறோம்.

பெருமக்களே! இயற்கை அமைப்புகளை ஏன் காக்க வேண்டும்? அவை அழகாக இருக்கின்றன என்பது மட்டும் காரணமன்று. மரம் நிறைந்த குன்று மழையின் வேகத்தைத் தடுத்து, நீரை மெல்ல மெல்ல மண்ணுக்குள் விடுகிறது. வேர்கள் மண்ணைப் பிடித்து வைக்கின்றன. சதுப்பு நிலம் பெருமழை நீரை வாங்கித் தேக்கி, பின்னர்ச் சிறிது சிறிதாக வெளிவிடுகிறது. ஓடையின் இரு கரைகளும் வெள்ளம் பரவுவதற்கு இயற்கை ஒதுக்கிய இடங்கள். இவை செய்யும் வேலையைச் சிமெண்டினால் செய்ய முற்பட்டால் செலவு பெரிது, அதன் பிறகும் முழுப் பயன் கிட்டுவதில்லை. திருக்குறளில் நாடு என்னும் அதிகாரத்தில் மலையும் நீரும் நாட்டின் உறுப்புகளாகவே எண்ணப்பட்டுள்ளன. உறுப்பு என்றார் வள்ளுவர். உறுப்பை இழந்த உடல் படும் துன்பம் நாம் அறியாததன்று.

நம் நாட்டிலேயே இத்துன்பத்தைக் கண்டிருக்கிறோம். 1993-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள், சிலாங்கூர் உலு கிளாங்கில் ஹைலேண்ட் டவர்ஸ் என்னும் அடுக்குமாடிக் கட்டடங்கள் மூன்றில் ஒன்று அடியோடு சாய்ந்தது. 48 பேர் மாண்டனர். அக்கட்டடங்களுக்குப் பின்னால் செங்குத்தான சரிவு இருந்தது. மலையில் ஓடிய சிற்றோடை குழாய் வழியே திருப்பிவிடப்பட்டிருந்தது. மேற்புறத்தில் நிலம் வெட்டித் திறக்கப்பட்டிருந்தது. தொடர் மழையில் நீர் போக வழியின்றி மண் ஊறியது, தாங்கு சுவர்கள் சரிந்தன, மண் பெயர்ந்து கட்டடத்தின் அடித்தளத்தையே தள்ளிற்று. அதே வட்டாரத்தில், 2008-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் அதிகாலையில் புக்கிட் அந்தாராபங்சாவில் நிகழ்ந்த நிலச்சரிவில் 14 வீடுகள் அழிந்தன. மலைச்சரிவில் எங்கே கட்டலாம், எங்கே கட்டலாகாது என்னும் விதிகள் பிற்காலத்தில் கடுமையானதற்கு இத்தகைய துயரங்களே காரணம்.

இனி, சட்டம் என்ன கூறுகிறது என்பதைப் பார்ப்போம். நம் அரசியலமைப்பின்படி நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளது. நகர, கிராமத் திட்டமிடலோ கூட்டரசுக்கும் மாநிலங்களுக்கும் பொதுவானது. தீபகற்ப மலேசியா முழுவதிலும் திட்டமிடல் ஒரே சீராக நடைபெற 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டம் இயற்றப்பட்டது. அதுவே 172-ஆவது சட்டம் எனப்படும். கோலாலம்பூருக்கு 1982-ஆம் ஆண்டின் தனிச்சட்டம் ஒன்று உண்டு. சபா, சரவாக் மாநிலங்களுக்கு அவற்றின் சொந்தச் சட்டங்கள் உள்ளன.

172-ஆவது சட்டத்தின்கீழ் இரு திட்டங்களை நீங்கள் முக்கியமாக அறிந்துகொள்ள வேண்டும். மாநிலம் முழுமைக்குமான அமைப்புத் திட்டம் ஒன்று. அதனை மலாய் மொழியில் ரஞ்சாங்கான் ஸ்ட்ருக்தூர் என்பர். எந்தப் பகுதி வளர வேண்டும், எந்தப் பகுதி காக்கப்பட வேண்டும் என்னும் கொள்கையை அது வகுக்கிறது. மற்றொன்று மாவட்டத்துக்கோ ஊராட்சி மன்றப் பகுதிக்கோ உரிய உள்ளூர்த் திட்டம். அதுதான் ரஞ்சாங்கான் தெம்பாத்தான். நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இது குடியிருப்பு, இது வணிகம், இது தொழில், இது விவசாயம், இது திறந்தவெளி, இது காடு என்று அது வண்ணமிட்டுக் காட்டும். ஒவ்வொரு வண்ணமும் ஒரு மண்டலம். ஒவ்வொரு மண்டலத்திலும் எதைக் கட்டலாம், எதைக் கட்டலாகாது என்னும் விதி உண்டு.

இவ்வண்ணங்கள் வெறும் சித்திரமல்ல. திட்ட அனுமதி பெறாமல் எவரும் மேம்பாட்டு வேலையைத் தொடங்கலாகாது. நடப்பிலுள்ள திட்டத்துக்கு முரணான வேலைக்கு ஊராட்சி மன்றம் அனுமதி தரலாகாது என்றும் சட்டம் கூறுகிறது. விதியை மீறுவோர்க்கு ஐந்து லட்சம் வெள்ளி வரை அபராதமோ, ஈராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 1995-ஆம் ஆண்டில் இச்சட்டம் திருத்தப்பட்டது. அதன்பின், மேம்பாட்டாளர் தம் விண்ணப்பத்தோடு நிலத்தின் இயற்கையான மேடு பள்ளங்களையும் மரங்களையும் காக்க என்ன செய்யப் போகிறார் என்னும் அறிக்கையையும் தரவேண்டும். சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை ஊராட்சி மன்றத்தின் அனுமதியின்றி வெட்டுவதற்கும் அத்திருத்தம் பொதுவாகத் தடை விதித்தது.

மலையைப் பற்றிய விதிகளுக்கு ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். பினாங்கு மாநிலத்தில் 2007-ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த அமைப்புத் திட்டம், கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டர், அதாவது 250 அடிக்கு மேற்பட்ட நிலத்தையும், 25 பாகைக்கு மேல் சரிந்த நிலத்தையும் மலை நிலமாகக் கருதிக் கட்டடங்களுக்கு வரம்பு கட்டியது. சரிவைப் பாகை கணக்கில் சொன்னால் சிலருக்கு விளங்காது. நான்கு அடி நடந்தால் ஏறத்தாழ இரண்டடி உயரும் நிலமே 25 பாகைச் சரிவு. மலைக்காட்டில் பால் வெட்டிய நம் முதியோர்க்கு அதன் கடுமை கால் வலியாகவே தெரியும்.

ஆற்றுக்கு வருவோம். ஆற்றின் இரு கரைகளிலும் ஒதுக்கு நிலம் விடவேண்டும் என்பது வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் நெறிமுறை. ஐந்து மீட்டருக்குக் குறைந்த ஓடையாயின் ஒவ்வொரு கரையிலும் 5 மீட்டர். ஐந்து முதல் பத்து மீட்டர் அகலமாயின் 10 மீட்டர். பத்து முதல் இருபது வரை 20 மீட்டர். இருபது முதல் நாற்பது வரை 40 மீட்டர். அதற்கும் மேற்பட்ட ஆறாயின் 50 மீட்டர். நாம் கூறிய ஓடை ஏறத்தாழ எட்டு மீட்டர் அகலமுடையது. நெறிமுறைப்படி இரு பக்கமும் பத்துப் பத்து மீட்டர் வெறுமையாக விடப்பட்டிருந்தால் பாட்டியின் மெத்தை நனையாமல் இருந்திருக்கக்கூடும்.

இங்கே முக்கியமான ஒன்றைக் கவனியுங்கள். நெறிமுறை என்பது வேறு, கெசட்டில் வெளியிடப்பட்ட ஒதுக்கு நிலம் என்பது வேறு. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத் தொகுப்பின்கீழ் மாநில அரசு ஒரு நிலத்தைப் பொதுக்காரியத்துக்கென ஒதுக்கிக் கெசட்டில் வெளியிடலாம். அங்ஙனம் வெளியிடப்பட்ட பின்னரே அவ்வொதுக்கீடு உறுதிபெறுகிறது. அது கூட நிரந்தரமான வேலியன்று. கோலாலம்பூரின் நடுவில் உள்ள புக்கிட் நானாஸ் காடு 1906-ஆம் ஆண்டிலேயே ஒதுக்குக் காடாக்கப்பட்டது. 17 ஹெக்டருக்கும் மேலிருந்த அக்காடு, காலப்போக்கில் ஒவ்வொரு தேவைக்காகவும் சிறிது சிறிதாகக் குறைந்து, இன்று 9 ஹெக்டர் அளவிலேயே நிற்கிறது. வேலியைப் போட்டால் மட்டும் போதாது, வேலியைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்களும் வேண்டும் என்பதற்கு அக்காடே சான்று.

இந்த இடத்தில் நேர்மையான ஒரு கேள்வி எழும். "மக்களுக்கு வீடு வேண்டாமா? மரத்தையும் மலையையும் காத்துக்கொண்டிருந்தால் ஏழை எங்கே குடியிருப்பது?" வீடில்லாத் துன்பத்தைத் தோட்டத் தொழிலாளரைவிட அறிந்தவர் யார்? ஆதலால் இக்கேள்வியை ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. நம்மவர் வாழ்வோடு தொடர்புடைய நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டே விடை தேடுவோம்.

கோலாலம்பூரில் புக்கிட் கியாரா என்னும் ரப்பர்த் தோட்டம் இருந்தது. அரசாங்கம் அந்நிலத்தைக் கையகப்படுத்தியபின், அங்கு வேலை செய்த குடும்பங்கள் தற்காலிக நீண்ட வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. நிரந்தர வீட்டுக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருந்தனர். அவ்விடத்தை அடுத்துள்ள தாமான் ரிம்பா கியாரா பூங்கா, மாநகரின் அமைப்புத் திட்டத்தில் பொதுமக்களுக்கான திறந்தவெளியாகக் குறிக்கப்பட்டிருந்தது. அப்பகுதியில் எட்டு உயர்ந்த அடுக்குமாடிக் கட்டடங்களையும், 350 மலிவுவிலை வீடுகளைக் கொண்ட மற்றொரு கட்டடத்தையும் எழுப்ப 2017-ஆம் ஆண்டு ஜூலையில் மேம்பாட்டு அனுமதி தரப்பட்டது. நீண்ட வீட்டுக் குடும்பங்களுக்கு வீடு தருவதும் அத்திட்டத்தின் ஒரு பகுதியே. சுற்றுப்புற மக்கள் நீதிமன்றத்தை நாடினர். 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வனுமதியை இரத்துச் செய்தது. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிப்படுத்தியது. அமைப்புத் திட்டத்தைத் தக்க காரணமின்றி ஒதுக்கிவிட முடியாது, அதிலிருந்து விலகினால் காரணம் கூறவேண்டும், பாதிக்கப்படும் அண்டை மக்களின் குரலையும் கேட்க வேண்டும் என்பன அத்தீர்ப்பின் சாரம். அதனை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன்.

வென்றவர் யார், தோற்றவர் யார் என்று பேசுவது நம் நோக்கமன்று. அங்கே தோட்டத்து மக்களின் வீட்டு உரிமையும் நியாயமானதே, பொதுப் பூங்காவும் நியாயமானதே. இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதும் நிலைக்கு வந்தது ஏன் என்பதையே நாம் சிந்திக்க வேண்டும். தொழிலாளர் குடியிருப்புக்கான நிலம் தொடக்கத்திலேயே திட்டத்தில் குறிக்கப்பட்டுவிட்டால், பின்னொரு நாளில் பூங்காவைக் காட்டி வீட்டையும் வீட்டைக் காட்டி பூங்காவையும் கேட்கும் நிலை வாராது. வீட்டுக்கும் மலைக்கும் பகையில்லை. திட்டமின்மைதான் இரண்டுக்கும் பகை. மேலும், ஆற்றுக்கரையையும் சரிவையும் விழுங்கிக் கட்டிய மலிவு வீட்டில் முதலில் நனைவதும் முதலில் புதைவதும் ஏழையின் உடைமைதான் என்பதை மறந்துவிடலாகாது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை யாவை?

முதலாவது, நீங்கள் வாழும் இடத்தின் உள்ளூர்த் திட்டத்தைச் சென்று பாருங்கள். ஊராட்சி மன்றத்தின் திட்டப் பிரிவில் ரஞ்சாங்கான் தெம்பாத்தானைக் காட்டும்படி கேளுங்கள். இத்தோட்டம் எந்த வண்ணத்தில் இருக்கிறது? குன்றும் ஓடையும் கோயிலும் பள்ளியும் எங்கே குறிக்கப்பட்டுள்ளன? குறிக்கப்படவே இல்லையா? இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, புதிய திட்டத்தின் வரைவு பார்வைக்கு வைக்கப்படும் காலத்தைத் தவற விடாதீர்கள். உள்ளூர்த் திட்டத்தின் வரைவுக்கு ஆட்சேபம் தெரிவிக்க நான்கு வாரங்களுக்குக் குறையாத கால அவகாசம் தரப்பட வேண்டும் என்பது சட்டம். அறிவிப்பு நாளிதழ்களில் வெளிவரும். உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியாயின், மேம்பாட்டு விண்ணப்பம் வரும்பொழுது அண்டை நில உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் அறிவிக்கப்படும். அவர்கள் 21 நாள்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். கோயில் நிலம் ஆலயத்தின் பெயரிலேயே பதிவாகியிருந்தால் ஆலயக் குழுவுக்கும் இவ்வுரிமை உண்டு.

மூன்றாவது, சொல்ல வேண்டியதை எழுத்தில் சொல்லுங்கள். காப்பிக் கடையில் பேசியது கோப்பில் ஏறாது. பெயர், முகவரி, எந்த நிலம், என்ன ஆட்சேபம், என்ன காரணம், அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்பவற்றை மலாய் மொழியில் ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். நேரில் வந்து கூற விரும்பினால் அதனையும் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். எழுதத் தெரியாத முதியோர்க்காக எழுதித் தருவது படித்த இளைஞர்களின் கடமை. வெள்ளம் எதுவரை வந்தது, எந்த ஆண்டில் மண் சரிந்தது என்று முதியோர்க்குத் தெரிந்தவை எந்த வரைபடத்திலும் இல்லாதவை. அந்த அறிவும் இந்த எழுத்தும் ஒன்று சேரவேண்டும்.

நான்காவது, தோட்டம் கைமாறும் செய்தி கேட்டால் விழிப்பாய் இருங்கள். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டு துண்டாகப் பலருக்கு விற்பதற்குத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றுவதற்கு மாநில அரசின் அனுமதி வேண்டும். இவை ஒவ்வொன்றும் ஒரு வாயில். வாயில் திறக்கும் நேரத்தில் கேட்டால் பயனுண்டு. கட்டடம் எழுந்தபின் கேட்டால் கண்ணீரே மிச்சம்.

பெரியோர்களே, முடிக்குமுன் அந்தப் பாட்டியின் கதையின் மீதியையும் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்குப் பின்னர் அவ்வட்டாரத்தின் உள்ளூர்த் திட்டம் மறுபரிசீலனைக்கு வந்தது. இம்முறை அறிவிப்பைப் பலகையில் ஒட்டியதோடு நாம் நிற்கவில்லை. அந்த அடுக்குமாடிக்குச் சென்று, அவர் வீட்டு வாசலிலேயே முதலில் சொன்னோம். பாட்டி தம் பேரனோடு ஊராட்சி மன்றத்துக்கு வந்தார். வரைபடத்தின்முன் நெடுநேரம் நின்று, குன்றின் எஞ்சிய பாதி எங்கே என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்தார். அது குடியிருப்பு மண்டலமாகக் குறிக்கப்பட்டிருந்தது. அவர் சொல்லச் சொல்ல, பேரன் எழுதினான். அவர்களைப் பார்த்து மேலும் முப்பது குடும்பத்தினர் எழுதினர்.

ஓடை மீளவில்லை, மீளவும் மீளாது. ஆயினும், திட்டம் இறுதியாக வெளிவந்தபொழுது குன்றின் அந்தப் பாதி திறந்தவெளியாக மாற்றப்பட்டிருந்தது. முப்பது கடிதங்கள் ஒரு குன்றைத் தாங்கி நிற்கின்றன.

உங்கள் தோட்டத்துக் குன்றுக்கும் ஓடைக்கும் வாயில்லை. அவற்றுக்காகப் பேசுவதற்குச் சட்டம் உங்களுக்கு வாய் தந்திருக்கிறது. அதனைக் காலத்தில் பயன்படுத்துங்கள். அடுத்த வாரம் ஊராட்சி மன்றத்துக்குச் செல்ல விரும்புவோர் இளைஞர் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். நாமும் உடன் வருகிறோம்.